பேபி கேரியர் போட்டு 20 நிமிடத்தில் முதுகு பிடிக்கிறது, பெல்ட்டை எங்கே கட்ட வேண்டும்?

வேளிமலை_அம்மா, தக்கலை

அக்காமாருக்கு வணக்கம். எனக்கு முதல் பிள்ளை, ஐந்து மாதம் முடிந்து ஆறாவது நடக்கிறது. போன வாரம் எடை பார்த்ததில் 6.8 கிலோ இருந்தாள். சிசேரியன். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார், இங்கே நானும் மாமியாரும்தான். கீழே கிடத்தினால் அழுவாள், தோளில் போட்டால்தான் தூங்குவாள், கை ஓய்ந்து போகிறதே என்று மைனி தன் மகனுக்கு வாங்கிய கேரியரைக் கொடுத்தார்கள். இடுப்புக்கு அகல பெல்ட், தோளுக்கு இரண்டு வார், அந்த இரண்டையும் முதுகுப் பக்கம் சேர்க்க ஒரு சின்ன கிளிப், அந்த வகை.

முதல் நாள் போட்டபோது கை இரண்டும் சும்மா கிடந்தது எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. ஆனால் 20 நிமிடம் ஆனால் போதும், இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கயிறு முறுக்கின மாதிரி இறுகுகிறது. இன்னும் பத்து நிமிடம் போனால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் எரிச்சல். கழற்றின பிறகும் நிமிர்ந்து நிற்க நேரம் பிடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முட்டம் போனோம், பிள்ளை கடலைப் பார்க்கட்டும் என்று முகம் வெளியே இருக்கும்படி திருப்பிப் போட்டு நடந்தேன், அன்று ராத்திரி புரண்டு படுக்க முடியவில்லை.

நான் கட்டுகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தையல் போட்ட இடத்தில் உரசுமே என்று பயந்து பெல்ட்டைத் தழும்புக்கும் கீழே, கொஞ்சம் லூசாக விட்டுக் கட்டுகிறேன். பிள்ளையின் தலை என் நெஞ்சுக்குக் கீழே வரும். பின்னால் உள்ள கிளிப் கைக்கு எட்டாது, அதனால் கழுத்தை ஒட்டியே போட்டுவிட்டு மேலே தலை வழியாக மாட்டுவேன்.

மாமியார் சொல்கிறார், "நாலு பிள்ளையையும் ஒக்கலில் வைத்துத்தான் வளர்த்தேன், ஒரு முதுகு வலியும் வந்ததில்லை, இந்தப் பையை எடுத்து மைனியிடமே கொடு" என்று. கேரியர்தான் தப்பா, என் முதுகுதான் பலம் இல்லாமல் போய்விட்டதா? நிறுத்திவிடவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கருங்கல்_அக்கா

தங்கச்சி, திருப்பிக் கொடுத்துவிடாதே. நீ எழுதினதை வாசிக்கும்போது மூன்று வருடத்துக்கு முந்தின என்னையே பார்த்த மாதிரி இருந்தது. நானும் பெல்ட்டைக் கீழே கட்டி, வாரை நீளமாக விட்டு, பிள்ளையைத் தொப்பையில் தொங்கப் போட்டுக்கொண்டுதான் திங்கள்சந்தைக்குக் கறிகாய் வாங்கப் போவேன். திரும்பி வந்து திண்ணையில் அப்படியே சாய்ந்துவிடுவேன். வாங்கின கடையில் ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை, பெட்டியைக் கையில் தந்து அனுப்பினார்கள்.

எனக்கு மாற்றம் வந்தது எப்படி என்றால், தம்பியிடம் சொல்லி பக்கவாட்டில் நின்று ஒரு போட்டோ எடுக்கச் சொன்னேன். அதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது, என் வயிற்றுக்கும் பிள்ளையின் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடைவெளி, நான் வில் மாதிரி பின்னால் வளைந்து நிற்கிறேன். நீயும் முதலில் ஒரு போட்டோ எடுத்துப் பார்.

அப்புறம் கட்டுகிற முறை. பிள்ளையை எடுப்பதற்கு முன்னாலேயே பெல்ட்டை இடுப்பில் இறுக்கிவிட வேண்டும், பிள்ளையை வைத்த பிறகு இறுக்கினால் இறுகவே இறுகாது. பிள்ளையை உள்ளே வைத்து வாரை மாட்டியதும் ஒரு கையால் புட்டத்தில் தாங்கி ஒரு அரை சாண் மேலே தூக்கிக்கொண்டு, மறு கையால் அந்தப் பக்கத்து வாரை இழு, அப்புறம் கை மாற்றி அடுத்த பக்கம். தூக்காமல் வெறுமனே இழுத்தால் எடை முழுவதும் துணியில் தொங்கும், வார் நகராது. கடைசியில் குனியாமல் உன் உதட்டுக்குப் பிள்ளையின் உச்சந்தலை எட்டுகிறதா என்று பார். முத்தம் கொடுக்க எட்டினால் உயரம் சரி.

கிளிப் எட்டவில்லை என்றால் வார்களை முழு நீளத்துக்குத் தளர்த்திவிட்டு, கிளிப்பை மாட்டி, பிறகு இழு. தளர்ந்திருக்கும்போது கை போகும். முதல் ஒரு வாரம் மாமியாரையே பின்னால் நின்று மாட்டிவிடச் சொல்லேன், அவர்களுக்கும் அது என்ன சாமான் என்று பழகும்.


நாகர்கோவில்_பிசியோ

அக்கா சொன்ன முறை ரொம்ப சரி. நான் பிசியோதெரபிஸ்ட், பிரசவம் முடிந்து முதுகு வலியோடு வருகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஏன் வலிக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரிந்துவிட்டால் எந்த கேரியரை வாங்கினாலும் நீங்களே சரி செய்துகொள்ளலாம்.

தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்து எடுத்துப் பாருங்கள், அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். எடை ஒன்றுதான். முதுகெலும்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதுகெலும்பை ஒட்டி இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை ஓடுகிற தசைக்கு எரெக்டர் ஸ்பைனே என்று பெயர், நீங்கள் கயிறு மாதிரி என்று சொன்னீர்களே, அதேதான். முன்னால் ஒரு பாரம் தொங்கும்போது உடம்பு முன்னால் விழாமல் பின்னால் இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. ஆனால் அந்தத் தசை இழுக்கிற இடம் முதுகெலும்பின் நடுவிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. கணக்குக்கு 7 கிலோ குழந்தை என்று வையுங்கள். நன்றாக ஒட்டி இருந்தால் அவளுடைய எடையின் மையம் உங்கள் முதுகெலும்பிலிருந்து 20 சென்டிமீட்டர் முன்னால் இருக்கும். 7 பெருக்கல் 20 வகுத்தல் 5, ஆக 28 கிலோவுக்குச் சமமாகத் தசை இழுக்க வேண்டும். லூசாகத் தொங்கி 30 சென்டிமீட்டர் ஆகிவிட்டால் அது 42 கிலோ. பிள்ளை ஒரு கிராம் கூடவில்லை, தசையின் வேலை ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. இது தோராயக் கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் விஷயம் இதுதான். முகத்தை வெளியே திருப்பிப் போடும்போது பிள்ளை உங்களை அணைத்துப் படுக்காது, கை கால் எல்லாம் முன்னால் நீட்டிக்கொண்டு முன்பக்கமாகச் சாயும். முட்டத்தில் நடந்தது அதுதான்.

அப்போது உடம்பு என்ன செய்கிறது என்றால், தசைக்கு வேலையைக் குறைக்கத் தானாகவே பின்னால் சாய்கிறது. கர்ப்பமாக இருந்தபோது பழகின அதே சாய்வு. அதனால் கீழ் முதுகின் வளைவு கூடி, முள்ளெலும்புகளின் பின்பக்க மூட்டுகள் ஒன்றோடொன்று அழுந்தும். கழற்றின பிறகும் நிமிர முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அது பெரும்பாலும் இதனால்தான்.

முதுகு பலம் இல்லையா என்று கேட்டீர்கள். முதுகைவிட வயிற்றைப் பாருங்கள். முன்னால் வயிற்றுத் தசையும் பின்னால் முதுகுத் தசையும் சேர்ந்துதான் நடுவுடம்பை நிறுத்துகின்றன. பிரசவத்தில் முன்பக்கம் இழுபட்டு மெலிந்து போயிருக்கும், சிலருக்கு நடுக்கோட்டில் விலகியும் இருக்கும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தொப்புளுக்கு மேலும் கீழும் விரலால் அழுத்திப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் அகலமாகப் பள்ளம் தெரிந்தால் ஒரு பிசியோவிடம் நேரில் காட்டுங்கள். முன்பக்கம் செய்ய வேண்டிய வேலையையும் இப்போது பின்பக்கமே செய்துகொண்டிருக்கிறது, அது களைத்துப்போவதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது பெல்ட். தழும்பை நினைத்துக் கீழே கட்டினது புரிகிறது, ஆனால் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தழும்புக்கு எவ்வளவோ மேலே, கிட்டத்தட்ட தொப்புள் உயரத்தில் இருக்கிறது. இரண்டு கையையும் விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் வைத்து அழுத்தினால் ஒரு எலும்புத் திட்டு தட்டுப்படும். பெல்ட் அந்தத் திட்டின் மேல் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் எடையில் பெரும்பங்கு நேராக இடுப்பெலும்புக்கும் காலுக்கும் இறங்கிவிடும், தழும்பிலும் படாது. லூசாகக் கீழே கிடந்தால் பெல்ட் வெறும் அலங்காரம், முழு எடையும் தோளில் விழும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் எரிகிறதே, அது டிரபீசியஸ் என்ற தசை. கிளிப்பைக் கழுத்தை ஒட்டிப் போட்டிருப்பதால் வார் இரண்டும் உள்ளே நெருங்கி அதன் மேலேயே அழுத்துகின்றன. கிளிப் தோள்பட்டை எலும்புகளின் நடுவுக்கு இறங்க வேண்டும், வார் தோளின் மேல் அகலமாகப் பரவ வேண்டும்.

பிள்ளையின் பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன், முழங்கால் இரண்டும் புட்டத்தைவிட உயரமாக, தவளை உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும். துணி ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை தாங்க வேண்டும். கால் நேராகத் தொங்கினால் இடுப்பு மூட்டுக்கு நல்லதில்லை. தாடை நெஞ்சில் முட்டாமல் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும், மூக்கும் வாயும் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மூச்சு விஷயம் என்பதால் இதில் மட்டும் சமரசமே வேண்டாம். அப்படிக் கால் மடங்கி உட்கார்ந்தால் பிள்ளை உங்கள் வயிற்றோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும், ஆக அவளுக்கு நல்லது எதுவோ அது உங்கள் முதுகுக்கும் நல்லது.

வலி காலுக்கு இறங்குகிறது, கால் மரத்துப் போகிறது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறுகிறது, காய்ச்சலோடு முதுகு வலிக்கிறது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் இங்கே எழுதிக்கொண்டு இருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள். மருத்துவக் கல்லூரி ஆசாரிப்பள்ளத்தில்தான் இருக்கிறது, தக்கலையிலிருந்து தூரம் இல்லை.


கடியபட்டணம்_மாமி

மக்களே, மாமியார் சொல்வதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒக்கலில் வைக்கும்போது பிள்ளை கால் அகட்டித்தான் உட்காரும், பிசியோ பிள்ளை சொன்ன அதே இருப்புதான். ஆனால் நாங்கள் ஒக்கலில் வைத்தபோது ஒரு மணி நேரம் ஒருத்தியே வைத்திருந்தது கிடையாது. அம்மா கொஞ்ச நேரம், சித்தி கொஞ்ச நேரம், பக்கத்து வீட்டு அக்கா வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாள். ஆள் மாறிக்கொண்டே இருக்கும், உங்கள் வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதோடு எல்லாரும் எப்போதும் ஒரே பக்கத்தில்தான் வைப்போம், வலக்கை வேலைக்கு வேண்டுமே. எனக்கு இப்போது 61 வயது, இடது இடுப்பு வெளியே தள்ளி நிற்கிற பழக்கம் இன்றைக்கும் மாறவில்லை, வலது பக்கத்து இடுப்புச் சதைதான் இறுகி வலிக்கும். ஆக வலி வரவில்லை என்பது முழு உண்மை இல்லை மக்களே, யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

என் அம்மா மீன் கடவத்தைச் சும்மாடு வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு மேட்டு ஊர்களுக்கு நடந்து விற்றவர்கள். பிள்ளை எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும் அந்தக் கடவம். கழுத்து வலித்தது, முழங்கால் தேய்ந்தது, நடுமுதுகு பற்றி அவர்கள் சொன்னதில்லை. பாரம் நேர் மேலே இருந்தது, முன்னாலோ பக்கத்திலோ தொங்கவில்லை. மேலே அந்த 20, 30 சென்டிமீட்டர் கணக்கை வாசித்தபோது எனக்கு அம்மாதான் ஞாபகம் வந்தார்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். பிள்ளையை யார் குளிப்பாட்டுகிறீர்கள்? காலை நீட்டி உட்கார்ந்து, கால் மேல் பிள்ளையைப் போட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி எடுப்பதற்குள் அரை மணி நேரம் குனிந்தே இருப்போம். பால் கொடுக்கும்போது பிள்ளையை மார்புக்குத் தூக்காமல் மார்பைப் பிள்ளையிடம் கொண்டு போவோம். தொட்டிலில் போடும்போது ஒரு குனிவு, எடுக்கும்போது ஒரு குனிவு. நாள் முழுவதும் முதுகு இப்படி உழைத்துக் களைத்த பிறகு கேரியரை மாட்டினால், பழி கேரியருக்கு. பால் கொடுக்கும்போது மடியில் ஒரு தலையணையை வை, முதுகுக்குப் பின்னால் ஒன்றை வை. குளிப்பாட்டுவதை மாமியாரிடம் விட்டால் சுவரில் சாய்ந்து உட்காரச் சொல், அவர்களுக்கும் முதுகு உண்டு.


பறளியாறு

நான் அப்பா, மார்த்தாண்டம் பக்கம். அக்காமார் பேசுகிற இடத்தில் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கேரியர் மைனியுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவருக்கு அளவு வைத்ததை அப்படியே இன்னொருவர் மாட்டினால் வலி கட்டாயம். எங்கள் வீட்டில் நானும் மனைவியும் ஒரே கேரியரைத்தான் மாற்றி மாற்றிப் போடுவோம், நான் அவளைவிட ஒரு அடி உயரம், அவள் அளவில் நான் போட்டால் பெல்ட் என் விலாவில் ஏறி நிற்கும். இப்போது அவளுடைய அளவுக்கு வாரில் சிவப்பு நூலும் என் அளவுக்குக் கறுப்பு நூலும் தைத்து வைத்திருக்கிறோம், இழுத்து அந்த நூலில் நிறுத்தினால் போதும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போட்டுக்கொண்டு போனேன், செங்குத்தான குறுகிய மரப் படிகள், முன்னால் பிள்ளை இருந்தால் நம் காலே நமக்குத் தெரியாது. பாதியில் நின்று, மனைவியிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினேன். கீழே விழுந்ததை எடுக்க வேண்டுமென்றாலும் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுங்கள், ஒரு கை பிள்ளையின் பின்தலையில் இருக்கட்டும். அடுப்புப் பக்கம் கேரியரோடு போகவே வேண்டாம்.

டூவீலரில் கேரியரோடு போகிறவர்களை நம் ஊரில் தினமும் பார்க்கிறேன், மனது பதறுகிறது. 4 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாதுகாப்பு வார் வேண்டும், 9 மாதம் முதல் 4 வயது வரை ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022ல் மத்திய அரசு விதி அறிவித்தது. நடப்பதற்குச் செய்த கேரியர் அந்தப் பாதுகாப்பு வார் ஆகாது. உங்கள் பிள்ளைக்கு இன்னும் ஆறு மாதம்கூட ஆகவில்லை, பஸ்ஸிலோ காரிலோ போங்கள்.


வேளிமலை_அம்மா, தக்கலை (16 நாள் கழித்து)

எல்லாருக்கும் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பிள்ளைக்குச் சளி பிடித்திருந்தது.

முதலில் போட்டோ எடுத்தேன். கருங்கல் அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே கை நுழைகிற இடைவெளி இருந்தது. அன்றே எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு முதலிலிருந்து கட்டினேன். இடுப்பெலும்புத் திட்டைத் தேடிப் பிடித்து அதன் மேல் பெல்ட்டை இறுக்கினபோது, இவ்வளவு மேலேயா என்று நம்பவே முடியவில்லை, ஆனால் தழும்பு எங்கேயோ கீழே இருந்தது, உரசவே இல்லை. கிளிப்பை மாமியார்தான் மாட்டிவிட்டார்கள். தோள் எரிச்சல் முதல் நாளே முக்கால்வாசி போய்விட்டது. கீழ் முதுகு உடனே சரியாகவில்லை, அது ஒரு வாரத்துக்கு மேல் எடுத்தது. இப்போது 40 நிமிடம் வரை போட முடிகிறது.

வயிற்றில் விரல் வைத்துப் பார்த்ததில் தொப்புளுக்கு மேலே மூன்று விரல் பள்ளம். தக்கலையிலேயே ஒரு பிசியோவிடம் போனேன். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுப்பது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி இறக்குவது, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் ஒன்றாகச் சேர்த்து ஐந்து எண்ணி விடுவது, இந்த மூன்றும்தான் கொடுத்திருக்கிறார். காலையும் மாலையும் செய்கிறேன். மாமி, பால் கொடுக்கும் தலையணையால்தான் மேல் முதுகு இவ்வளவு இளகியது என்று தோன்றுகிறது, நன்றி.

ஒரு சந்தேகம் பாக்கி. வெயிலும் புழுக்கமும் தாங்கவில்லை, முன்னால் போட்டால் இரண்டு பேரும் நனைந்துவிடுகிறோம். முதுகில் போடலாமா?


நாகர்கோவில்_பிசியோ

போடலாம், ஆனால் அவள் யாரும் பிடிக்காமல் தானே உட்கார ஆரம்பித்த பிறகு, உங்கள் கேரியர் முதுகில் போடச் செய்ததுதானா என்று பார்த்துக்கொண்டு. முதுகுத் தசைக்கு அது முன்னால் போடுவதைவிட எளிது, லேசாக முன்னால் சாய்ந்தாலே எடை காலுக்கு மேலே வந்துவிடும். முதல் பத்து தடவையாவது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பின்னால் மாமியார் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள மாட்டிப் பழகுங்கள். முதுகில் இருக்கும்போது முகம் உங்களுக்குத் தெரியாது, அதனால் போன் கேமராவிலோ கண்ணாடியிலோ அடிக்கடி பாருங்கள். அதுவரை மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும் அவளுக்கு, நடப்பதைக் காலை எட்டு மணிக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், 40 நிமிடத்தை ஒரே மூச்சில் போடாமல் 20, 20 ஆகப் பிரியுங்கள்.


வேளிமலை_அம்மா, தக்கலை

சரி, அப்படியே செய்கிறேன். நேற்று சாயங்காலம் மாமியாரே கேட்டார்கள், "எனக்கும் ஒரு தடவை அதை மாட்டிவிடு" என்று. அவர்கள் அளவுக்கு வாரில் பச்சை நூல் தைத்திருக்கிறேன்.